கறுப்புக் காரும் தேசாந்திரித் தட்டானும்

நான் அனுப்பிய புகைப்படத்தின் ஓரத்தில் காரின் வைப்பர் தெரிந்ததை நான் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு நிவேதிதா தொலைபேசியில் அழைத்தார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தட்டான் கணக்கெடுப்பை ஒருங்கிணைப்பவர் அவர்தான். வட்டாரத்தைச் சதுரங்களாகப் பிரித்து, எந்தச் சதுரத்தில் எந்தத் தட்டான், எந்த ஊசித்தட்டான் வாழ்கிறது என்று முப்பது பேர் பதிவுசெய்து வருகிறோம். சேக்காட்டுச் சதுரம் என் பொறுப்பு.

“ரெனிதா, உங்க படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். மழைநீர்க் குட்டையில தேசாந்திரித் தட்டான் ஜோடியா முட்டை வைக்குதுன்னு எழுதியிருக்கீங்க. குட்டைக்கு எதுக்குங்க வைப்பர்?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நின்று எடுத்த படம் அது. வேப்பிலைகளுக்கு நடுவே, பக்கத்துக் கிறிஸ்தவச் சபை வளாகத்தில் பளபளத்ததைத் தண்ணீர் என்றே நம்பினேன். இறங்கிப்போய்ப் பார்த்திருக்கலாம். அறிமுகமில்லாதவர்களின் வளாகத்துக்குள் நுழையத் தயக்கமாக இருந்தது.

“மன்னிக்கணும்ங்க. பெரிய தப்பு பண்ணிட்டேன்.”

“நீங்க மட்டுமா? தட்டானும்தான் ஏமாந்திருக்கு. பளபளன்னு இருக்கிற கார், வெளிச்சத்தைத் தண்ணி மாதிரியே திருப்பி அனுப்பும். ஆனா பானட்ல வெச்ச முட்டை காய்ஞ்சுடும். அதனால ‘இங்கே பிறந்தது’ன்னு போட முடியாது. வந்து போகுதுன்னு மட்டும் போடறேன்.”

“வேற ஆதாரம் கொடுத்தா ஏத்துப்பீங்களா?”

“உரிதோல் கொண்டாங்க. ஆறு மணிக்குப் பட்டியலை மூடறேன்.”

தட்டானின் இளவுயிர் தண்ணீருக்குள் வளர்ந்து, ஒருநாள் மேலே ஏறிவந்து தன் தோலைக் கிழித்துக்கொண்டு சிறகோடு வெளிவரும். அது விட்டுச்செல்லும் தோல்தான் பிறந்த இடத்துக்குச் சாட்சி. பதினோரு மாதங்களாகப் பதிவுகள் அனுப்பியும், பட்டியலில் புதிதாக ஒரு வரிகூட என் பெயரில் ஏறவில்லை. இந்த ஒன்றையாவது இழக்க எனக்கு மனமில்லை. படியிறங்கி ஓடினேன்.

சபை வாசலில் கறுப்புக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார் வாடகைக் கார் ஓட்டும் லோகேஷ்.

“அண்ணா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க கார்ல தட்டான் வந்து உட்காருமா?”

“உக்காருதாவா? வாலால கொட்டிகினே கீது மேடம்! கழுவி வுட்டா போதும், ஜோடி ஜோடியா வந்துடுது. கல்யாண வண்டின்னு நெனச்சுகிச்சு போல.”

“எங்கேருந்து வருதுன்னு தெரியுமா?”

“பின்னாண்ட தொட்டி கீதே, அங்கதான் கும்பலா சுத்தும். கிறிஸ்துதாஸ் அண்ணாத்தே இப்பத்தான் கழுவப் போனாரு.”

கழுவிவிட்டால் உரிதோல்களும் போய்விடும். சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஓடினேன். லோகேஷும் துணியோடு பின்தொடர்ந்தார்.

அங்கே திறந்தவெளியில் ஞானஸ்நானத் தொட்டி இருந்தது. ஆகஸ்டில் ஞானஸ்நானம் முடிந்தபின் பெய்த மழையெல்லாம் அதில் தேங்கியிருந்தது. சபையைப் பராமரிக்கும் கிறிஸ்துதாஸ் அடைப்பைப் பிடுங்கிவிட்டிருந்தார். மடமடவென்று வடிந்த தண்ணீர் முழங்காலளவுக்கு வந்திருந்தது. இரண்டு சுவர்களைத் தேய்த்து முடித்துவிட்டு மூன்றாவதன் மேல் துடைப்பத்தை ஓங்கினார்.

“நிறுத்துங்க!”

அவ்வளவு உரத்த குரல் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. வேம்பிலிருந்து ஒரு காகம் பறந்தது. “தயவுசெய்து” என்று மெல்லச் சேர்த்துக்கொண்டேன்.

கிறிஸ்துதாஸ் ஒரே தாவலில் படிமேல் ஏறிவிட்டார். “இன்னா சிஸ்டர், பாம்பா?”

“இல்லைங்க. தட்டான் உரிச்ச தோல் இருக்கும். அதைத் தேடணும்.”

“தோலா? நாளைக்குக் காலைல ஏழு பேரு ஞானஸ்நானத்துக்கு எறங்கணும். பாசி கீதுன்னா பாஸ்டர் என்னியத்தான் பிடிச்சு முக்குவாரு!”

“முக்கட்டும் அண்ணாத்தே, நீ குளிச்சு நாளாவுது” என்றார் லோகேஷ்.

“போடா டேய்! சரி சிஸ்டர், அஞ்சு நிமிசம். அடைப்பப் போடறேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினேன். மூன்றாவது சுவரில் ஒன்றுமில்லை. நான்காவதிலும் நத்தைகள்தான். தேய்த்து முடித்த சுவர்களைப் பார்த்தபோது கண்கள் நிறைந்தன. உரிதோல்களெல்லாம் அந்தப் பாசியோடு போயிருக்குமோ?

“சிஸ்டர், இங்க கம்பிக்கு அடில இன்னாமோ ஒட்டிகினு கீது. கரப்பான்னு அட்ச்சிருப்பேன்.”

தொட்டியில் இறங்குவோர் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கம்பி அது. குனிந்து பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் ஓர் உரிதோல்! ஆறு கால்களும் கம்பியை இன்னும் இறுகப் பற்றியிருந்தன. முதுகு பிளந்து, உள்ளிருந்து வெள்ளை இழைகள் தொங்கின. அதற்கப்பால் இன்னொன்று. மூன்று, ஐந்து, பதினொன்று!

“தண்ணிலயும் ஓடுது பாரு!” என்று லோகேஷ் கத்தினார். காலடியில் இளவுயிர்கள் வால்வழியே நீரைப் பீய்ச்சியபடி பாய்ந்து சென்றன.

“இதுங்கதான் கொசுப்புழுவைத் தின்னுமுங்க” என்றேன்.

“அதான பார்த்தேன்! மூணு மாசமா தண்ணி நிக்குது, ஒரு கொசு கட்சதில்ல” என்றார் கிறிஸ்துதாஸ்.

நான்கு படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றின் ஓரத்தையும் இருமுறை சரிபார்த்த பிறகே அனுப்பினேன். இரண்டாவது நிமிடத்தில் நிவேதிதா அழைத்தார்.

“வால் நுனிக்குப் பக்கத்துல, எட்டாவது ஒன்பதாவது வளையத்துல நீளமா முள் இருக்கா?”

“ரெண்டு பக்கமும் இருக்குங்க. பின்பக்கமா நீட்டிக்கிட்டு.”

“தேசாந்திரியேதான்! ரெனிதா, சேக்காடு இனிமே பிறந்த இடம். இப்பவே ஏத்தறேன்!”

தொட்டிக்குள் நின்றபடியே துள்ளிக் குதித்துவிட்டேன். கிறிஸ்துதாஸின் வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

“இந்த இனத்துத் தட்டான் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகுமாம்” என்றேன்.

“நம்ம தொட்டில பொறந்துட்டு ஆப்பிரிக்காவா? ஒரு பாஸ்போர்ட்டுக்கு நான் ரெண்டு வர்சமா அலையறேன் மேடம்!” என்றார் லோகேஷ்.

உரிதோல்களைத் தீப்பெட்டிகளில் பத்திரப்படுத்திக்கொண்டேன். இளவுயிர்களைச் சபைச் சமையற்கட்டின் வடிகட்டியால் அள்ளி இரண்டு வாளிகளில் விட்டோம். கிறிஸ்துதாஸ் எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பத்து மூன்று. தெருக்கோடிக் குட்டையில் சேர்க்கத் தன் காரையே தருவதாக லோகேஷ் சொன்னார். பட்டியலில் ‘கண்டவர் பெயர்’ என்ற இடத்தில் மூவர் பெயரையும் போடும்படி நிவேதிதாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

வாளிகளை மடியோடு அணைத்து முன்னிருக்கையில் அமர்ந்தபோது, எங்கிருந்தோ ஒரு ஜோடி வந்து பானட்டை வாலால் தொட்டது. மீண்டும் தொட்டது.

லோகேஷ் வண்டியைக் கிளப்பாமல் என்னைப் பார்த்தார்.

“வைப்பர் போடட்டா மேடம்? குளம் இல்லன்னு அதுக்கும் தெரியட்டும்.”

“போடுங்கண்ணா” என்றேன்.