இடது தோள்

பன்றித் தொடைக்கறியை மெல்லிசாக நறுக்கு, மெல்லிசாக நறுக்கு என்று பக்கத்து வீட்டுக் கேத்தூராள் மூன்றாம் முறையாகச் சொன்னபோது, மோர்வித்துக்குக் கத்தியை வீசி எறிந்துவிடலாம் போலிருந்தது. முன்னறையில் அப்பா சவப்பெட்டிக்குள் கிடக்கிறார். வாசலில் ஆண்கள் கூடிவிட்டார்கள். கல்லறை வரை போகிறவர்கள் அவர்கள்தான்; திரும்பி வந்ததும் அவர்கள் சாப்பிடத்தான் இந்தக் கறி. இந்த ரோண்டாச் சுரங்கப் பள்ளத்தாக்கில் பெண்களுக்கு அடுப்படியும் திரை இழுத்த ஜன்னலும்தான். பெற்ற மகளானாலும் அப்படித்தான்.

"கிளப்புலேருந்து ஒரு ஈ காக்காகூட வரல பாத்தியா?"

"வர மாட்டாங்கக்கா. அவங்களுக்கு அப்பா செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே."

வேல்ஸ் நாட்டுக்கே ரக்பி ஆடியவர் அவள் அப்பா எலியாஸ் ப்ரோஸர். ஆட்டக்காரர்கள் முட்டி மோதும் கும்பலுக்குள்ளிருந்து குள்ள ஷாத்ராக் பந்தை உருவித் திரும்பிப் பார்க்காமலே பின்னால் வீசுவார். அங்கே எலியாஸ் நிற்பார். ஒருநாளும் தவறியதில்லை. ஊரே அந்த ஜோடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. பிறகு சுரங்கம் ஆறு மாதம் மூடிக் கிடந்த வருஷம் வந்தது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. எலியாஸ் வடக்கே இங்கிலாந்துக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடினார். காசு வாங்காமல் ஆடுவதுதான் இங்கே சட்டம்; சம்பளத்துக்கு ஆடியவனுக்கு மன்னிப்பு கிடையாது. கிளப் அவர் பெயரை அடித்தது. அவருடைய ஆட்டச் சட்டையைத் திருப்பி வாங்கி வர ஷாத்ராக்கையே அனுப்பியது.

அன்று மோர்வித்துக்கு ஆறு வயது. அம்மா சிவப்புச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து மடித்துக் கொடுத்தாள். முழங்கைக் கிழிசலை நீல நூலால் தைத்திருந்தாள். வீட்டில் வேறு நூல் இல்லை. ஷாத்ராக் வாங்கிக்கொண்டு போனார். முட்டி உடைந்து அப்பா ஊர் திரும்பி மறுபடி நிலக்கரி வெட்டப் போன பிறகும், எதிரெதிரே வந்தால் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு கடந்தார்கள்.

நிலக்கரித் தூசி நெஞ்சை அடைத்துப் படுத்த பிறகு அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஷாத்ராக்க ஒரு தடவ வரச் சொல்லும்மா. பேச வேணாம். சும்மா வந்து ஒக்காந்தாப் போதும்."

மோர்வித் மைதானத்துக்கு ஓடினாள். ஷாத்ராக் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிளப் பெரியவர்கள் இருவர்.

"மாமா, அப்பா உங்களப் பாக்கணுங்கிறாரு. இன்னைக்குத் தாண்டாது."

அவர் நிமிரவில்லை. "எந்த அப்பா?" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகப் பொய் சொன்னது.

"கோடு போட்டு முடிச்சிட்டு வர்றேன்னாருப்பா."

"சொன்னானா?" அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "எனக்குச் செரச்சு விடு. இந்த மூஞ்சியோட பாத்தான்னா கிண்டல் பண்ணுவான்."

சிரைத்துவிட்டாள். கதவை மூடாதே என்றார். திறந்த கதவைப் பார்த்தபடியே இருந்து, விளக்கு ஏற்றும் நேரத்தில் போய்விட்டார்.

இப்போது வாசலில் ஆண்கள் பாடிய துதிப்பாட்டு முடிந்தது. மோர்வித் ஜன்னல் திரையை விரலளவு விலக்கினாள். பெட்டி வெளியே வந்து நாற்காலிகள்மேல் இருந்தது. தூக்க ஐந்து பேர்தான் நின்றார்கள். கேத்தூராளின் புருஷன் ஆறாவதாக வருவதாகச் சொல்லியிருந்தார். இருமல் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முன்பக்க இடது தோளுக்கு ஆளில்லை.

எதிர்ச் சுவரோரம் நின்ற கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் தெருவைக் கடந்து வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. ஷாத்ராக்.

"நீங்க குள்ளம் மாமா. பெட்டி சாஞ்சிரும்," என்றான் தூக்குகிறவர்களில் ஒருவன்.

"சாயாது."

கோட்டுக்குள் கைவிட்டு, மடித்து வைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்துத் திண்டுபோலத் தோள்மேல் வைத்தார். மேல் மடிப்பில் முழங்கைப் பக்கம் நீல நூல் தெரிந்தது.

"முந்தாநாள் வந்திருக்கக் கூடாதா?" என்று மோர்வித் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள். "கதவு தெறந்துதானே இருந்துச்சு. வந்திருக்கக் கூடாதா பாவி!"

கேத்தூராள் அவள் தோளைப் பிடித்தாள். "திரையை விடுடி. யாராச்சும் பாப்பாங்க."

அவள் விடவில்லை.

ஆறு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். ஷாத்ராக் திரும்பிப் பார்க்கவில்லை. சரிவான தெருவில், கோடி வீடு தாண்டித் திரும்பும் வரை, பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் போனது.