அனுமதி பட்டன் கீழே இருக்கிறது

ராஜவேல் முதலாளியின் பனியன் கம்பெனியில் வேலை நேரத்தில் வெளியே போக கேட் பாஸ் கேட்பதற்கு ஆப் செய்து கொடுத்தவன் நான்தான். கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட். சோதித்தபோது ‘காரணம்’ என்ற இடத்தில் ‘டெஸ்ட்’ என்று எழுதினேன். அதன் கீழே அனுமதி பட்டன் அழகாக நின்றது. துறைத் தலைவர் கைதட்டினார்.

ஆப் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. யாரோ ஒருவன் முதலாளியின் குரலில் வாட்ச்மேன் சுப்பண்ணனுக்குப் போன் செய்து, நான்கு பேரை மதியக் காட்சிக்கு அனுப்பிவிட்டான். “இனி நானே போன்ல சொன்னாலும் கேட்டைத் தொறக்காதீங்க. ஆப்புல பச்சை வந்தாத்தான்” என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார்.

நேற்று பதினொன்றரை மணிக்குச் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் அமீருன்னிசா அக்கா, ஆப்பைப் பார்த்துக்கொள்ள கம்பெனிக்கு வந்திருந்த என்னிடம் ஓடிவந்தார். மகள் நிதாவுக்கு அவிநாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் சீட்டு வந்திருந்தது. காத்திருப்போர் பட்டியலில் கடைசி இடம். ஒரு மணிக்குள் பெற்றவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு அடுத்த பெண்ணுக்கு. நிதாவுக்கு அத்தா இல்லை, அம்மா மட்டும்தான்.

“ஆப்புல போட்டு அரை மணி நேரமாச்சு தம்பி. பச்சை வரலை.”

சாயப்பட்டறையில் இருந்த முதலாளியைப் போனில் பிடித்தேன்.

“லெட்டர் வந்திருக்குது தம்பி. அமுக்கறதுக்குப் பட்டனத்தான் காணோம்.”

அக்கா அனுப்பியதை வாங்கிப் பார்த்தேன். ‘மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, தங்கள் கம்பெனியில் பதினோரு வருடமாகப் பணிபுரியும் அமீருன்னிசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்...’ விஷயம் ஒன்பதாவது வரியில்தான் வந்தது.

“ரெண்டு வார்த்தை போதுமேக்கா.”

“மொதலாளிகிட்ட எடுத்த எடுப்புல போகோணும்னு எப்புடி எழுதறது?”

முதலாளியோ போனில் எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருந்தார். கடிதமே திரையை அடைத்துவிட்டது. நான் செய்த ஆப்பின் திரை, உள்ளே இருப்பதற்கு ஏற்ப வளராது. விரலால் தள்ளினாலும் நகராது. பட்டன் போனுக்கு வெளியே எங்கேயோ இருந்தது.

“எழுத்தைச் சின்னதாக்குங்க.”

“அது மருமகன் வெச்சுக் குடுத்தது. இருங்க... இப்ப எல்லாம் கருப்பாயிருச்சு.”

புதிதாகச் சுருக்கமாக எழுதி அனுப்பலாம் என்று பார்த்தேன். ‘ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு விண்ணப்பம் மட்டுமே’ என்று ஆப் கண்டித்தது. அந்த வரியும் என்னுடையதுதான். பழையதை ரத்து செய்யும் பட்டன், முதலாளியின் போனில், அனுமதி பட்டனுக்கும் கீழே இருந்தது.

கடைசியில் முதலாளியே சுப்பண்ணனுக்குப் போன் செய்தார். அக்காவும் நானும் கேட்டருகே போய் நின்றோம். சுப்பண்ணன் முழுவதும் கேட்டார்.

“குரல் அச்சு அசல் அப்பிடியே இருக்குதுங்க. வேற ஆளப் பாருங்க” என்று வைத்துவிட்டு, என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

“ஏனுங்க சுப்பண்ணா, நாந்தானுங்க. வெளிய விடுங்க” என்றார் அக்கா.

“நீங்கதான்னு தெரியுதுங்கக்கா. பச்சை வேணுமுங்க.”

விரலால் தள்ளினால் திரை நகர நான்கு வரி புரோகிராம் போதும். எழுதி, புது ஆப்பை முதலாளிக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். சாயப்பட்டறையில் சிக்னல் ஒரு கோடு.

“பன்னெண்டு பர்சென்ட் எறங்கியிருக்குது தம்பி.”

அக்கா கைப்பையை மாட்டியபடி கேட்டருகே நின்றார். நிதா நான்கு முறை அழைத்துவிட்டாள். “வந்துட்டே இருக்கேன் கண்ணு” என்று நான்கு முறையும் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு, “அறுவத்தெட்டு.”

ஒன்று ஆறுக்குப் பச்சை வந்தது. சுப்பண்ணன் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து, “போய்ட்டு வாங்கக்கா!” என்றார்.

அக்கா அப்போதுதான் போனைக் காதிலிருந்து எடுத்தார். “அடுத்த புள்ளையக் கூப்புட்டுட்டாங்களாம்.”

செக்கிங் டேபிளுக்குத் திரும்பி நடந்தார். சுப்பண்ணன் முறைப்படி ‘போகவில்லை’ என்று பதிந்தார். உடனே அக்காவின் போனில், ஏன் போகவில்லை என்று ஆப் காரணம் கேட்டது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ‘மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு’ என்று தொடங்கினார். எழுத எழுதப் பெட்டி வரிக்கு வரி வளர்ந்தது. பட்டன் கூடவே கீழே இறங்கிப் போனது. எந்த எழுத்தும் வெட்டுப்படவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.