குபாத் அடைத்த ஓட்டை

செக் நாட்டில் எங்கள் ப்ர்னோ நகரத்துக் கல்லறைகளில் கூட 'இன்ஜினியர்' என்று பெயருக்கு முன்னால் வெட்டியிருக்கும். செத்த பிறகும் பட்டத்தை விடமாட்டார்கள். விலேம் குபாத் உயிரோடு இருக்கிற இன்ஜினியர். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் டைரக்டரி சர்வர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் நன்றாகப் புரோகிராம் எழுதியவராம். அவரே சொன்னது.

டைரக்டரி சர்வர் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் காலையில் ஆயிரம் பேர் பெயரும் கடவுச்சொல்லும் தட்டுகிறார்களே, 'இவர் நம்ம ஆள்தானா, எதுவரை உள்ளே விடலாம்' என்று மற்ற புரோகிராம்கள் எல்லாம் போய்க் கேட்பது அதனிடம்தான். அது படுத்தால் ஆஸ்பத்திரியே படுத்துவிடும். வெளியாள் எவனும் அதைப் படுக்கவைப்பதற்கு முன்னால் நானே படுக்கவைத்துப் பார்ப்பது என் வேலை. என் பெயர் திராஹோமீரா யெலீன்கோவா. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வேலை போனால் இந்த ஊரில் எனக்கு வேறு வேலை தர ஆளில்லை.

அந்த வசந்தத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். சர்வரிடம் ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வியை வைத்து அனுப்பலாம். 'இன்ன பிரிவில் இல்லாதவர் யார்' என்று கேட்கலாம். அதற்குள் இன்னொரு 'இல்லாத', அதற்குள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஒரு படி உள்ளே இறங்கும். எத்தனை படி வரை இறங்கலாம் என்று யாரும் வரம்பு வைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் அடுக்கி அனுப்பினேன். உள்ளே போன சர்வர் திரும்பி வரவில்லை. நினைவகம் தீர்ந்து செத்துப்போனது. இதற்குக் கடவுச்சொல்லும் வேண்டாம். வழியில் போகிறவன் செய்துவிடலாம்.

குபாத் தானே சரிசெய்வதாகக் கிளம்பினார். மறுநாள் முடித்துவிட்டார். பிரித்துப் பார்த்தேன். 'இல்லாத' என்று வரும் இடத்துக்கு மட்டும் வரம்பு வைத்திருந்தார். 'இவர் அல்லது அவர்' என்றும் அதே மாதிரி அடுக்கலாம்; அந்த 'அல்லது' வரும் இடம் அப்படியே திறந்து கிடந்தது. கூரை எங்கும் ஒழுகும்போது, வீட்டுக்காரி விரல் நீட்டிய ஓட்டையை மட்டும் பூசிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிற கொத்தனார் மாதிரி.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அறைக்குப் போனேன். பன்றிக்கறியும் கோஸும் தின்ற மயக்கத்தில் இருந்தார்.

"இன்ஜினியர் ஐயா, 'அல்லது'ல இன்னும் விழுது."

"நீங்க காட்டுனது 'இல்லாத' தானே, யெலீன்கோவா மேடம்? அது இப்ப விழலையே?"

"நான் காட்டுனது ஒரு உதாரணம்."

"உதாரணத்த சரி பண்ணியாச்சுல்ல?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார்.

"ஆயிரம் 'அல்லது' போட்டு எவன் மேடம் கேள்வி அனுப்புவான்? பைத்தியக்காரன்கூட அனுப்ப மாட்டான். உங்களத் தவிர யாருக்கும் இது தோணாது. திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரில ஏத்தணும். கொஞ்சம் விட்டுக்குடுங்க."

சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தார். மாமனார் வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம். கூடவே இரண்டு சின்னக் கிளாஸ்.

"எத்தன வருஷமா ஒரே மாடில குப்ப கொட்டுறோம். இன்னும் எதுக்கு நீங்க, வாங்க? நான் விலேம்."

இது எங்கள் ஊரில் சாதாரண விஷயமில்லை. மேலே இருப்பவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். கண்ணைப் பார்த்து, கிளாஸை மோதி, ஒரே மடக்கில் குடித்துவிட்டால் அன்றிலிருந்து சாகும்வரை 'நீ, வா, போ'தான். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. வேண்டாம் என்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஓர் ஓட்டையை மூடிமறைக்க அந்த மனிதன் இதைத் தூக்கிக் கொடுத்தான் பாருங்கள், அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. குடித்தேன். மாமனார் மட்டும் நல்ல மனுஷன் என்று தெரிந்தது.

"திராஹோமீரா," என்றேன். "விலேம், ஓட்ட அப்படியேதான் இருக்கு."

"பாத்தியா, குடிச்ச ஈரம் காயல, அதுக்குள்ள அதட்டுற!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் எழுப்பிய புகாரை அன்று மாலையே தன் கையால் 'தீர்ந்தது' என்று மூடினார். அதற்குப் பிறகு எங்கள் மாடியில் நான் 'நீ'. வாடிக்கையாளர் வந்தால் மட்டும் மறுபடி 'மேடம்' ஆகிவிடுவேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி படுத்தது. எதிரி யாருமில்லை. மூன்றாவது மாடி நர்ஸ் ஒருத்தி பண்டிகை நாள் வேலைமுறையை அனுப்ப, தொலைபேசிப் பட்டியல் புரோகிராமில் 'எல்லோரும்' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அந்தப் புரோகிராமை எழுதியவனும் ஒரு குபாத்தாக இருக்க வேண்டும். அது ஒவ்வொரு பெயரையும் 'அல்லது' போட்டு ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்துக் கேட்டிருக்கிறது. சர்வர் செத்தது. எழுப்பினார்கள். பட்டியல் மறுபடி கேட்டது. மறுபடி செத்தது. மத்தியானம் வரை டாக்டர்கள் திரையைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார்கள்; ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. உயிர்ச்சேதம் இல்லை. அதற்குக் குபாத் காரணமில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எங்களை உட்காரவைத்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவர் ஷார்கா மலினோவா, அதிகம் பேசாத பெண்மணி. காபியைக் கலக்கிக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இப்படி விழும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

குபாத் டையைச் சரிசெய்துகொண்டார். "தெரியாதுங்க. சோதிச்சுப் பாஸ் பண்ணுனது யெலீன்கோவா மேடம்தான். அவங்க கண்ணுல படல. வயசாகுது, பாவம். இந்த மாசத்தோட அவங்கள அனுப்பிடறோம்."

பாவமாம். மலினோவா என்னைப் பார்த்தார். 'ஐயா, நான் அன்றே சொன்னேனே' என்று மரியாதையாக ஆரம்பித்தால், தப்பிக்கப் பார்க்கும் கிழவியின் முனகலாகத்தான் அது கேட்கும். எனக்குக் கொடுத்திருந்த ஒரே பரிசை எடுத்தேன்.

"விலேம்," என்றேன், "நீ என்ன ஒளறுற?"

காபிக் கரண்டி நின்றது. ஒரு பிரிவுத் தலைவரை, வெளியார் முன்னால், அவர் கீழே வேலை பார்ப்பவள் அப்படிக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவரே கிளாஸைக் கையில் கொடுத்திருக்கிறார். குபாத்தின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"மேடம், இடம் பாத்துப் பேசுங்க..."

"என்னடா மேடம்? உன் ரூம்ல ஒக்காந்துதானே குடிச்சோம்? 'அல்லது'ல விழுதுன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனா இல்லையா?"

"சொன்னே! நீதான் நச்சு நச்சுன்னு சொல்லிட்டே இருந்தே! ஆயிரம் 'அல்லது' பைத்தியக்காரன்கூட அனுப்ப மாட்டான்னு நானும் அன்னிக்கே..."

அங்கே நிறுத்தினார். நிறுத்தி என்ன பயன்?

மலினோவா கரண்டியைத் தட்டில் வைத்தார். "எங்க நர்ஸுக்குப் பைத்தியம் இல்லீங்க, இன்ஜினியர் ஐயா. இனிமே நீங்க எழுதுறது எதுவும் இந்தம்மா பாக்காம எங்க ஆஸ்பத்திரிக்குள்ள வரக்கூடாது. அவங்கள அனுப்பிட்டீங்கன்னா நாங்களும் உங்ககூட இல்ல."

இருவரும் படியிறங்கி வந்தோம். டிராம் நிறுத்தத்தில் குபாத் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி பெரிய மனிதராகி ஆரம்பித்தார்.

"யெலீன்கோவா மேடம், இனிமே நாம பழையபடி..."

"குடிச்சது குடிச்சதுதான், விலேம். ஆபீசுக்குப் போய் 'அல்லது'வ அடை. 'மற்றும்'லயும் விழுது, அதையும் சேத்து அடை."

"'மற்றும்' பத்தி நீ சொல்லவே இல்லையே?"

"ஆமா," என்றேன். "அதுக்கும் விரல் நீட்டணுமான்னு பாத்துட்டிருந்தேன்."