ரில் பெண்ணுக்கு வெல்ஷ் வராது

எனக்கு ஐந்து வயதிலிருந்து பள்ளியில் எங்கள் நாட்டின் பழைய மொழியான வெல்ஷ் சொல்லித்தருகிறார்கள். என்னத்தைச் சொல்லித்தந்தார்கள்? "எனக்கு டென்னிஸ் பிடிக்காது, ஏனென்றால் அது சலிப்பாக இருக்கிறது." டென்னிஸ் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை. பரீட்சைக்கு அப்படியொரு பத்தி, அத்தனையும் மனப்பாடம். எங்கள் ரில் ஊரில் எல்லாருக்கும் ஆங்கிலம்தான். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வெல்ஷ் வகுப்புக்கு மெரெரிட் மிஸ் வந்த பிறகுதான் என் வாய் திறந்தது. அவர் மலைப்பக்கத்துக்காரர், வீட்டிலேயே வெல்ஷ். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னை உட்கார வைத்துப் பேசவிட்டார். "டெமி, தப்புத் தப்பாவே பேசுடி. ஆனா பேசு." அவர் பக்கத்து லான்ரூஸ்ட் ஊரில் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலை இருப்பதாகச் சொன்னதும் அவர்தான். வெல்ஷ் பேச வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கிடைக்காவிட்டால் அம்மாவோடு சேர்ந்து, விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் கேரவன் பூங்காவில் கக்கூஸ் கழுவ வேண்டியதுதான்.

நேர்காணலுக்கு மிஸ்ஸே காரில் கூட்டிப்போய் வெளியே காத்திருந்தார். உள்ளே தலைமை ஆசிரியை ஹெயில்வென் தேநீர் கொடுத்து, வெல்ஷில் கேள்வி கேட்டார். நானும் வெல்ஷில் பதில் சொன்னேன். நடுவில் ஒரு சொல் தொண்டையிலேயே நின்றது. வந்துவிடும், ஒரு மூச்சு விட்டால் போதும். அவர் விட்டால்தானே!

"ஐயோ, கஷ்டப்படாதம்மா, இங்கிலீஷ்லயே சொல்லு," என்று ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார்.

இங்கே இதுதான் மரியாதை. யாரையும் திணற விடமாட்டார்கள், மகராசிகள்! நான் வெல்ஷுக்கு இழுத்தேன், அவர் ஆங்கிலத்துக்கு இழுத்தார். கடைசியில் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல பொண்ணுதான் நீ. ஆனா எங்களுக்கு வெல்ஷ் பேசுற ஆள்தான் வேணும்மா."

அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. அப்போ இவ்வளவு நேரம் நான் பேசினது என்ன, சீன மொழியா?

காருக்கு ஓடினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிஸ் கதவைத் திறந்ததும் வெல்ஷில்தான் ஆரம்பித்தேன். "அவங்க என்னை... என்னைப் பேசவே..." அதற்கு மேல் சொல் வரவில்லை, மூக்குதான் வழிந்தது.

மிஸ் என் தோளை அணைத்துக்கொண்டார். "அழாதடி கண்ணு. இங்கிலீஷ்லயே சொல்லு," என்றார், ஆங்கிலத்தில்.

"நீங்களுமா மிஸ்?" வெல்ஷில் கத்தினேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பதறிப்போய், "மன்னிச்சிடுடி," என்றார். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.