காலி எடை

வேதியியலில் நான்காம் பாடத்தை முடித்த அன்று சாயங்காலம், எடைமேடைக்காரரின் மகள் உட்கார்ந்திருந்த நாற்காலி நான்கு கால்களையும் விரித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டது. அவள் எழுந்து, உடையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டு, தரையிலேயே சம்மணமிட்டு ஐந்தாம் பாடத்தைத் திருப்பினாள். துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏறிடுச்சா?" என்று கேட்டாள். "ஏறிடுச்சும்மா." "அப்ப சரி. இனிமே கீழயே உக்காரு. நாற்காலிக்கு நான் எங்க போறது."

அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை. அந்த ஊரில் இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் மனதில் ஏறினால் உடம்பிலும் ஏறும். ஆள் பருப்பதில்லை, உடை இறுகுவதில்லை, கன்னம் உப்புவதில்லை. கனம் மட்டும் கூடும். மாடியில் குடியிருப்பவர்கள் பிள்ளை இறுதி வகுப்புக்குப் போனதும் கீழ்த்தளத்துக்கு மாறிக்கொள்வார்கள், இல்லையென்றால் வீட்டுக்காரரே வந்து நாசூக்காகக் கேட்பார். சைக்கிள் கடைக்காரர் அந்த வகுப்புப் பிள்ளைகளின் டயருக்குச் சொல்லாமலே ரெண்டு அடி கூடுதலாகக் காற்றடிப்பார். பள்ளியில் அந்த வகுப்பு எப்போதும் தரைத்தளத்தில்தான். தேர்வு எழுதினால் ஏறியதெல்லாம் விடைத்தாளில் இறங்கிவிடும். கடைசித் தேர்வு முடிந்து பிள்ளைகள் சுவரேறிக் குதித்து ஓடுவதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சந்தோஷம் என்று நினைப்பார்கள். பாதி சந்தோஷம்தான், மீதி எடை.

ஊரில் லாரிகளை நிறுத்துப் பார்க்க இருந்தது ஒரே எடைமேடை. அதனால் தேர்வு நாள் காலையில் பெற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். செங்கல் லாரிக்கும் மரக்கட்டை லாரிக்கும் நடுவில் பிள்ளைகள் ஒவ்வொருவராக இரும்புத் தளத்தில் ஏறி நிற்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எடைமேடைக்காரர் எண்ணைப் பார்த்துத் தலையாட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். காத்தாடி என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பையனுக்கு அவன் அம்மா சட்டைப்பையிலும் கால்சட்டைப் பையிலும் இரும்பு நட்டுகளைப் போட்டு அனுப்பியிருந்தாள். எடைமேடைக்காரர் எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இயற்பியல் இப்படிச் சத்தம் போடாது. பையைக் காலி பண்ணிட்டு ஏறு" என்றார். லாரிக்காரர்களுக்குக் கூட்டியோ குறைத்தோ ஒரு எண் எழுதித் தந்தவர் இல்லை அவர். வண்டி சரக்கோடு வரும்போது ஒருமுறை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை, இரண்டும் பார்த்தால்தான் சீட்டு. காலி எடை பார்க்காமல் கணக்கு முடிக்கச் சொன்னவர்களை, பெரிய முதலாளிகளாக இருந்தாலும், வெளியே நிற்க வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே கணக்கை முடித்துவிட்டார். மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் மனைவிக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, நடைபாதை பெஞ்சில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை படுக்க வைத்திருந்தார்கள். யாரும் வந்து கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே இருந்த எடைமேடைக்காரர், உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருந்தால் இப்படி நடக்குமா என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மனைவி பிழைத்து எழுந்து, பழையபடி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். அந்த முடிவு மட்டும் அவரோடு அப்படியே நின்றுவிட்டது. அவருடைய தங்கை ஒரு மருத்துவமனையில் ஊசி போடும் வேலையில் இருந்தாள். அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே, "டாக்டரம்மா இருக்காங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுவாள்.

"டாக்டரம்மா வெளிய போயிருக்காங்க அத்தை. நான்தான் இருக்கேன்" என்பாள் மகள்.

"வாயப் பாரு. இந்த வாய்க்கே நோயாளி பாதி எழுந்து ஓடிடுவான்."

மகளுக்குப் பிடித்தது வேதியியல். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவிடம் வரும் சட்டைகளில் துருக்கறை இருந்தால் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து வெயிலில் வைப்பார்கள். மற்றவர்கள் கறை போய்விட்டது என்று மடித்து வைப்பார்கள். இவள், எங்கே போனது என்று கேட்பாள். அதைத்தான் படிக்க வேண்டும் என்று ஒருநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. "படி. யாரு வேணாங்கிறா. டாக்டருக்கும் அது வேணும்ல. படிச்சுக்கிட்டே டாக்டராயிடு" என்றார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் தண்ணீர் குடித்தாள்.

ஆனாலும் அவள் உயிரியலை ஏமாற்றவில்லை. அப்பாவுக்காக என்றே அதை எல்லாவற்றையும்விட அதிகமாகப் படித்தாள். எலும்புகளின் பெயர்களைத் துணி மடிக்கும்போது சொன்னாள், சுரப்பிகளைத் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள். தெருமுனைச் சாக்கடைப் பலகை அவள் காலடியில் முனக ஆரம்பித்தது. "ஏம்மா, கொஞ்சம் மறந்துட்டு நடக்கக் கூடாதா?" என்றார் பலகைக்குச் சொந்தக்காரரான பேப்பர் கடைக்காரர். அவள் சுற்றுவழியாகப் போகப் பழகிக்கொண்டாள். பள்ளியில் தலைமையாசிரியை அவளுக்கென்று சுவரோரமாக ஒரு கருங்கல்லைப் போடச் சொல்லி, அதன்மேல் உட்கார வைத்தார்.

தேர்வுகள் தொடங்கின. மொழித்தேர்வு எழுதினாள், அடுத்த தேர்வு நாள் காலையில் மேடை ஏறியபோது மொழிப்பாடம் அளவுக்குக் குறைந்திருந்தாள். கணக்கு எழுதினாள், கணக்கு இறங்கிவிட்டது. இயற்பியலும் அப்படியே. பிறகு வேதியியல் எழுதினாள். அன்றைக்கு அவள் விடைத்தாளை மேற்பார்வையாளர் இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் உயிரியல் தேர்வன்று காலையில் மேடையில் நின்றபோது எண் ஒரு நெல்மணி அளவுகூடக் குறையவில்லை. எடைமேடைக்காரர் மகளை இறங்கச் சொல்லிவிட்டு மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கல் எதுவும் சிக்கியிருக்கவில்லை. தெரிந்த எடையுள்ள ஒரு லாரியை ஏற்றிப் பார்த்தார், சரியாகக் காட்டியது. "எழுதினியா, இல்ல வெறுந்தாளா வச்சிட்டு வந்தியா?" என்று மகளைக் கேட்டார். "எழுதினேன்பா. கூடுதல் தாள் வாங்கி எழுதினேன்." "அப்புறம் எப்படி?" "விளக்குல விளக்கேத்தினா முதல் விளக்கு அணைஞ்சா போகுது?" என்றாள் அவள். அவர் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

உயிரியல்தான் கடைசித் தேர்வு. அதற்குப் பிறகு நிறுக்க வேண்டிய காலை எதுவும் இல்லை. ஊர் வழக்கப்படி யாரும் தேர்வு முடிந்த பிள்ளையை மேடையில் ஏற்றுவதில்லை. எடைமேடைக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "வேதியியல் தங்கிடுச்சு பாத்தியா, உயிரியலும் தங்கியிருக்கும். ரெண்டும் தங்கினா டாக்டர்தான். அந்த உடம்புக்கே தெரிஞ்சிருக்கு" என்று சொன்னார். தங்கை அங்கேயே இருந்து, ஆமாம் ஆமாம் என்றாள். மேற்படிப்பு விண்ணப்பத்தில் பாடத்தைத் தேர்ந்து எழுதி, அப்பா கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் தர வேண்டும்.

"ஒரு தடவை நிறுத்துப் பாத்துடலாம்பா" என்றாள் மகள்.

"எதுக்கு? காலைலதான பாத்தேன்."

"அது சரக்கோட பாத்தது. எறக்கிட்டு வந்ததுக்கப்புறம் பாக்கல."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் புருஷனின் முகத்தையே பார்த்தாள். மறுநாள் காலையில் மகள் எடைமேடைக்குப் போனபோது தளத்தின் குறுக்கே கயிறு கட்டி, 'பழுது, மனிதர்கள் ஏறக்கூடாது' என்று அட்டை தொங்கவிட்டிருந்தது. லாரிகள் மட்டும் கயிற்றை விலக்கிக்கொண்டு வழக்கம்போல் போய் வந்தன. ஆளுக்குப் பழுதான மேடை லாரிக்கு எப்படிச் சரியாக இருக்கிறது என்று பேப்பர் கடைக்காரர் கேட்டார். எடைமேடைக்காரர் அவரிடம் பேப்பர் வாங்குவதை அந்த வாரம் நிறுத்திவிட்டார்.

மகள் சாப்பாட்டைத் தள்ளவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு அழவில்லை. வியாழக்கிழமை ஊர்க்கோடியில் கட்டடம் கட்டும் இடம் வரைக்கும் நடந்து போனாள். அங்கே செங்கல் இறக்கிவிட்டு நின்ற லாரியின் ஓட்டுநரை ஊரில் மீசை என்பார்கள். இருபது வருடமாக அதே வண்டி, அதே மேடை. "மாமா, காலி எடை போடப் போறீங்களா? என்னையும் ஏத்திக்குங்க" என்றாள்.

"ஏத்திக்கிறேன். வண்டி தாங்குமா?"

"செங்கல்லே தாங்குது."

"செங்கல் படிக்கல இல்ல" என்றார் மீசை. ஆனாலும் கதவைத் திறந்துவிட்டார். அவள் உட்கார்ந்ததும் வண்டி அந்தப் பக்கமாக ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

லாரி மேடையில் ஏறி நின்றது. எடைமேடைக்காரர் எண்ணைப் பார்த்தார். அந்த வண்டியின் காலி எடை அவருக்குத் தன் வயதைப்போல மனப்பாடம். அதற்கு மேல் இருந்ததைப் பார்த்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மீசை, கல்லை முழுசா எறக்கலியா?"

"தொடைச்சு எறக்கியாச்சுண்ணே. வந்து பாருங்க."

"அப்ப உள்ள யாரு? ஓட்டுறவனைத் தவிர யாரும் இருக்கக் கூடாதுன்னு தெரியாதா? எறங்கச் சொல்லு."

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. மகள் இறங்கி, மேடையைத் தாண்டி மண்ணில் நின்றாள். எண் சரிந்து, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருந்தது அவள். கழித்துப் பார்க்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம், ஆனால் கை பழக்கத்தில் கழித்துவிட்டது. தேர்வன்று காலையில் இருந்ததிலிருந்து உயிரியல் மொத்தமும் போயிருந்தது. ஒரு எலும்பின் பெயர்கூட மிச்சமில்லை. வேதியியல் மட்டும் முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தது.

பின்னால் இரண்டு லாரிகள் வந்து ஒலி எழுப்பின. எடைமேடைக்காரர் நகரவில்லை. மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"உனக்காகத்தாம்பா அவ்வளவு படிச்சேன்" என்றாள். "நிக்கல. நான் என்ன பண்றது."

"உங்கம்மா அன்னைக்கு அந்த பெஞ்சுல கெடந்தா" என்றார் அவர்.

"தெரியும்பா. நானும்தான அம்மா தலைமாட்டுல நின்னேன். இப்படி ஒண்ணும் நிக்காம டாக்டராகி நான் கையைத் தொட்டா, பெஞ்சுல கெடக்கிறவங்களுக்கு என்ன தெரிஞ்சு சொல்வேன்?"

மீசை வண்டியிலிருந்தே, "அண்ணே, சீட்டு" என்றார். எடைமேடைக்காரர் மீசையின் சீட்டை எழுதி நீட்டினார். அப்புறம் மகளிடம் கையை நீட்டினார். அவள் விண்ணப்பத்தைக் கொடுத்தாள். பாடம் என்ற இடம் காலியாக இருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு அந்த இடத்தைக் காட்டி, "நீயே எழுதிக்க. என் கையெழுத்து அவங்களுக்குப் புரியாது" என்றார். அவருடைய கையெழுத்தை நான்கு மாவட்டத்து லாரிக்காரர்கள் தடையில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல் விளிம்பில் வைத்து வேதியியல் என்று எழுதினாள்.

சாயங்காலம் அத்தை வந்து வாசலில் வழக்கம்போல டாக்டரம்மாவைக் கூப்பிட்டபோது, எடைமேடைக்காரரே வெளியே வந்து, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. உள்ள வா" என்றார். தங்கை ஒரு வாரம் பேசவில்லை. அதற்குப் பிறகு, மருந்து எதில் செய்கிறார்கள், வேதியியலில்தானே என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா மட்டும் மகளுக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டே, "கறை எங்க போகுதுன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு. வாடிக்கையாளருங்க கேக்கறாங்க" என்றாள்.

கல்லூரி வேறு ஊரில் இருந்தது, மூன்று மாடிக் கட்டடம். பேருந்தில் அவளை நடு இருக்கையில் உட்காரச் சொன்னார்கள், அவளும் உட்கார்ந்தாள். ஆய்வுக்கூடம் தரைத்தளத்தில் இல்லை, முதல் மாடியில் இருந்தது. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றிப் பார்த்து, தாங்குகிறது என்று தெரிந்த பிறகே அடுத்ததில் வைத்தாள். வாசலில் கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் அவள் ஏறி வந்த சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தார். பெயரைக் கேட்கவில்லை. "தங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். "அப்ப நடுவுல நிக்காதம்மா. ஜன்னலோரமா போ, அங்கதான் கீழ தூண் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த குடுவையை எடுத்தார். ஜன்னலோர மேசைகளுக்கு முன்னால் சிமென்ட் தரையில் வரிசையாகப் பாதங்களின் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்திருந்தன. சில பழையவை, விளிம்பு மழுங்கியவை. இரண்டில் ஏற்கெனவே ஆட்கள் நின்று வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அவள் தன் காலுக்குச் சரியாக இருந்த ஒன்றைப் பார்த்து அதில் ஏறி நின்று, தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தாள்.