பாதி விலைக்கு ஒரு பழைய வீடு

விலையைக் கேட்டதும் முதலில் சிரித்தவள் என் நாத்தனார்.

"அண்ணி, இந்த விலைக்கு ஒரு கார் ஷெட்டுகூட வராது. அந்த வீட்டுல என்னமோ இருக்கு," என்றாள்.

என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் சொல்வதில் குறை வைக்கவில்லை. பேய் இருக்கும் என்றாள். பேய் இல்லையென்றால் கரையான். கரையானும் இல்லையென்றால் அண்ணன் தம்பிக்குள் கேஸ் நடக்கும். நான் தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேச ஆரம்பித்தால் நான் ஒரு கோட்டுக்குக் கையே ஏற்றி முடித்துவிடலாம்.

வீடு ஊருக்கு வெளியே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. கட்டி நூற்றைம்பது வருஷம் ஆகிறதாம். என் கணவர் அந்த வழித்தடத்தில்தான் பஸ் ஓட்டினார். 'விற்பனைக்கு' என்று போர்டு வைத்த நாளும் அவருக்குத் தெரியும்; அந்த போர்டு வெயிலில் வெளுத்து, ஒரு பக்கம் சாய்ந்து, அதன்மேல் கொடி ஏறியதும் தெரியும். ரிட்டையர் ஆகிற வாரத்தில் வண்டியை அங்கே நிறுத்தி, இறங்கி, போர்டிலிருந்த நம்பரைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பயணிகளை வெச்சுக்கிட்டேவா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க. நல்ல வீடுன்னுதான் சொன்னாங்க," என்றார்.

எனக்கு வீடு எதற்கு வேண்டும் என்று கேட்டால் ஒரே பதில்தான். ஆணி அடிக்க.

சிரிக்காதீர்கள். நான் தையல்காரி. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துக் காகிதத்தில் வெட்டி வைத்திருக்கிறேன். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாம் ஒரு கொத்து. சுருட்டி வைத்தால் மடங்கிப்போகும், அடுக்கி வைத்தால் தேடுவதற்குள் உயிர் போகும். நடுவே ஓட்டை போட்டு, சுவரில் தொங்கவிட்டால்தான் வேலை ஓடும். அது தவிர கத்தரிகள், வளைவு ஸ்கேல்கள், பாதி தைத்த துணிகள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான், எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஜன்னல் கம்பியில் மாட்டினேன், பீரோ கைப்பிடியில் மாட்டினேன், கதவுக்கு மேலே மாட்டினேன். என் கணவர் டூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் யாரோ ஒருத்தியின் கவுன் அவர் தலையில் விழும். மனுஷன் பொறுமையாக அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே வருவார்.

ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். முதல் வாடகை வீடு, குடிபோன அன்றைக்கு. ஓனர் மாடியில் இருந்தார். மூன்றாவது அடிக்குள் திபுதிபுவென்று படியிறங்கி வந்து கதவைத் தட்டிவிட்டார்.

"என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல சார், பாத்திரம் விழுந்துருச்சு."

சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். அப்படிப்பட்ட நான் அன்றைக்குப் பூனைக்குட்டி மாதிரி நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, வீட்டைப் பார்க்கப் போனோம். காட்ட வந்த தரகருக்கு நான் வைத்த பெயர் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் "அத அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். ஒல்லியான ஆள், சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே நடந்தார்.

உள்ளே காலை வைத்ததும் எனக்கு வீடு பிடித்துவிட்டது. இரண்டு முழம் தடிமனான சுண்ணாம்புச் சுவர்கள். ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள், மரக்கதவு போட்டவை. தரையில் பலகை, மாடிக்கு ஏற மரப்படி. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து ஊசியின்மேலேயே விழும். பின்னறைச் சுவரில் மட்டும் பழைய இரும்பு ஆணிகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் என் கைப்பையின் வார் மாட்டிக்கொண்டது.

"வந்ததும் மொத வேல இதையெல்லாம் பிடுங்குறதுதான். ஊரான் அடிச்ச ஆணி நமக்கு எதுக்கு? நான் அடிச்சுக்கிறேன் புதுசா," என்றேன் கணவரிடம்.

தரகர் 'அப்புறம்' எங்களை ஒரு மாதிரி பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

நாங்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டோம். தண்ணீர் எந்த நேரத்தில் வரும்? கரண்டுக்குத் தனி மீட்டரா? வெளிக்கதவை ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? விருந்தாளி வந்தால் தங்கலாமா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அப்புறத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், நீங்க வாங்கப் போறீங்க. உங்க விருந்தாளிய நீங்கதான் வெச்சுக்கணும்."

பிறகு கொஞ்சம் இழுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். "ஒரே ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். பின்னாடி பிரச்சினை வரக்கூடாது பாருங்க. சுவத்துல ஒண்ணும் பண்ணக்கூடாது. இடிக்கிறது, ஓட்டை போடுறது, ஆணி அடிக்கிறது, எதுவும் கூடாது."

நாங்கள் இருவரும் தலையாட்டினோம். "அதெல்லாம் மாட்டோங்க," என்றேன் நான்.

அப்புறத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சாவிக்கொத்தைச் சுழற்றுவதையே நிறுத்திவிட்டார்.

அவர் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பத்திரம் முடிந்து, சாமான் வந்து இறங்கி, வீட்டைக் கழுவித் துடைத்து முடிகிற வரைக்கும் உறைக்கவில்லை. பால் பாக்கெட் போடுகிற அம்மா, தபால்காரர் என்று எல்லோரிடமும் விலையைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்தேன். பேயும் வரவில்லை, கரையானும் இல்லை. நாத்தனார் வந்து தங்கினாள், மூலைமுடுக்கெல்லாம் மோந்து பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. "உங்க ராசி அண்ணி," என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் ஊருக்குப் போனாள்.

அடுத்த நாள் காலையில் புது ஆணி ஒரு பெட்டி, சுத்தியல், குறடு மூன்றையும் மேஜைமேல் எடுத்து வைத்தேன். குறடு பின்னறைக்கு, சுத்தியல் முன்னறைக்கு. முன்னறைச் சுவரில் துணிக்குக் குறி போடுகிற சாக்கட்டியால் கோடு போட்டேன். முதல் ஆணியைக் கோட்டில் வைத்து, சுத்தியலைத் தூக்கினேன். வாசலில் மணி அடித்தது.

வந்தவர் ஒரு பெண் இன்ஜினியர். புராதனக் கட்டடங்களைப் பராமரிக்கிற ஆபீஸிலிருந்து வருகிறாராம். கையில் டார்ச், தோளில் பை, காலில் தூசி. கைமாறிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மா, அடிச்சிட்டீங்களா?"

"இல்ல, இனிமேதான்."

"நல்ல வேளை. இது பாதுகாக்கப்பட்ட கட்டடம். சுவத்துல ஒரு புது ஓட்டைகூட போடக்கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது கோபம். என் வீடு, என் சுவர், நான் சாக்கட்டியால் போட்ட கோடு. "யாரும் எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்தத் தரகர் எங்கள நல்லா ஏமாத்திட்டான். ஏங்க, போனப் போடுங்க அவனுக்கு," என்று கத்தினேன்.

என் கணவர் போனை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சொன்னாரும்மா," என்றார்.

"எப்ப சொன்னான்?"

"அன்னிக்குத்தான். இடிக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாதுன்னு. நாம ரெண்டு பேரும் தலையாட்டினோம். நீ 'அதெல்லாம் மாட்டோங்க'ன்னு சொன்ன."

ஆமாம், சொன்னார். என் காதிலும் விழுந்தது. ஆனால் அது ஒரு நிபந்தனை என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் சாவி கொடுக்கும்போது இதைத்தான் சொல்வார்கள், நாங்களும் தலையாட்டி வாங்கிக்கொள்வோம். போனதும் ஆணி அடிக்கலாம் என்ற ஆசையையும், அடிக்க மாட்டோம் என்ற வாக்கையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

இன்ஜினியருக்கு விஷயம் புரிந்தது. "இந்த வீட்டப் பாக்க எத்தனையோ பேர் வந்தாங்க. எல்லாருக்கும் வீடு புடிக்கும். நடுச் சுவத்த எடுத்துட்டு ஹால் பெருசாக்கணும், கண்ணாடி போடணும்னு ப்ளான் போடுவாங்க. இந்த விஷயத்தக் கேட்டதும் ஓடிடுவாங்க. விலை எறங்கிக்கிட்டே வந்துச்சு. சரின்னு சொன்னது நீங்க ரெண்டு பேர்தான்," என்றார்.

ஆக, அதுதான் சங்கதி. பேயுமில்லை, கேஸுமில்லை. வீடு அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஆணி.

நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், வெளியாள் எதிரிலேயே அழுதேன். மாடியில் ஓனர் இல்லாத வீடு வேண்டுமென்று எத்தனை கோட்டு தைத்திருப்பேன், எத்தனை ராத்திரி கண் எரிய எரியப் பட்டன் கட்டியிருப்பேன். கடைசியில் அதே ஓனர் ஆபீஸ் வைத்து, டார்ச் அடித்துக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். கணவர் எழுந்து வந்து என் கையிலிருந்த சுத்தியலை மெதுவாக வாங்கிக்கொண்டார். "கதவு மேலயே மாட்டிக்கலாம்மா. கவுன் விழுந்தா விழட்டும், எனக்குப் பழகிடுச்சு," என்றார். அதைக் கேட்டு எனக்கு இன்னும் அழுகை வந்தது.

இன்ஜினியர் சங்கடமாக நின்றார். பிறகு தன் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று பின்னறைக்குப் போனார். அங்கிருந்தே அவர் குரல் கேட்டது.

"அம்மா, இந்த ஆணிகள்ல எதையாவது பிடுங்கினீங்களா?"

"இன்னும் இல்ல," என்றேன், மேஜைமேலிருந்த குறடைப் புடவை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு. பழக்கதோஷம்.

"பிடுங்கவே கூடாது. வீடு கட்டின காலத்து ஆணிங்க. கொல்லன் உலையில அடிச்சது. இதுவும் வீட்டோட சேர்ந்ததுதான்."

நான் உள்ளே போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஒரு நிழல் நீண்டிருந்தது. அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் எதையோ மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். இடுப்பு உயரத்தில் ஒரு வரிசை, கைக்கெட்டும் உயரத்தில் ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை. நானே கோடு போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பேன்.

"இதுல ஏதாவது மாட்டலாமா?" என்று கேட்டேன்.

"மாட்டத்தானே அடிச்சிருக்காங்க. கனமா மட்டும் ஏத்தாதீங்க."

"காகிதம்?"

"காகிதம் தாராளமா." அவர் ஓர் ஆணியை விரலால் அசைத்துப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. பக்கத்தில் இன்னொன்றும் ஆடியது. "இதையெல்லாம் இப்படியே விட்டா காரை உதிர ஆரம்பிச்சிடும். சின்னதா மரச்சீவல் வெச்சு, அதே ஓட்டையில திரும்ப அடிச்சு இறுக்கணும். அது புது வேல கெடையாது, பராமரிப்பு. கண்டிப்பா பண்ணியாகணும்."

"யாரு பண்ணணும்?"

"யாரு பண்ணுவாங்க? வீட்டோட ஓனர்தான்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஓனர் எங்கே நிற்கிறார் என்று. என் கணவர்தான் நின்றார். அவரும் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களத்தாம்மா சொல்றேன்," என்றார்.

அவர் போன பிறகு முன்னறைக் கோட்டைத் துணியால் துடைத்தேன். புது ஆணிப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தேன். என் கணவர் வாசலில் உட்கார்ந்து, பழைய பெட்டிப் பலகையிலிருந்து மெல்லிய சீவல்களாகச் சீவிக் கொடுத்துவிட்டு, மேலே ஏதோ வேலை இருக்கிறது என்று மாடிக்குப் போனார். நான் பின்னறையில் முதல் ஆணியின் ஓட்டையில் சீவலைச் செருகி, ஆணியை வைத்து, சுத்தியலால் ஒன்று போட்டேன். சுவர் தடிமனானது, சத்தம் 'ணங்'கென்று இல்லாமல் 'தொம்'மென்று வந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது அடி. கை தானாக நின்றது. என் காது படிக்கட்டுப் பக்கம் போனது.

மாடிப்படியில் திபுதிபுவென்று காலடிச் சத்தம். அறைக்கதவைத் தட்டுகிற சத்தம்.

"என்னம்மா சத்தம்?"

என் கணவர்தான். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த ஓனர் நின்ற மாதிரியே இடுப்பில் கை வைத்து நின்றார். இத்தனை வருஷமாக எதையும் மறக்கவில்லை மனுஷன்.

"ஆணி அடிக்கிறேன் சார்," என்றேன்.

"அப்படியா, அடிங்க அடிங்க," என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து அடுத்த சீவலை எடுத்து நீட்டினார்.