ஆஷிக் ஸொனா

தொவுஸ் ஊர்ப் பக்கத்தில் சாஸ் என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறவனை ஆஷிக் என்பார்கள். காதலில் விழுந்தவனுக்கும் அதே சொல்தான். பிள்ளைகள் சுண்டி விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்புக்கும் அதே பெயர்தான். ஆனால் ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் மட்டும் ஊருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஸொனாவுக்கு அது தெரியாததல்ல. பால்பண்ணையில் கறவை முடித்துவிட்டு, சாஸைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் பந்தல்களில் பாடி வந்தவள் அவள். ஊர்க்காரர் இஸ்கெந்தர் தன் மகன் கல்யாணத்தில், ஆண்கள் பந்தலில் எழுந்து நின்று, “நம்ம ஆஷிக் ஸொனாவும் இன்னிக்குப் பாடப் போறாங்க” என்று சொல்லிவிட்டார்.

கெஞ்சே நகரத்திலிருந்து வந்திருந்த பெரிய பாடகன் கசன்ஃபர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

“ஆஷிக்கா? யாரு மேலயாம்?”

பந்தலே அதிர்ந்து சிரித்தது. ஸொனாவின் கணவன் வெலி தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த பந்தலில் இருந்த ஸொனாவின் காதிலும் அது விழுந்தது. துணித்தடுப்பை விலக்கிக்கொண்டு, சாஸோடு நேரே உள்ளே வந்தாள்.

“வாய்க்கு வந்ததைப் பேசுறீங்களே அண்ணே, அந்த வாயில ஊசி வெச்சுப் பாடுவீங்களா?”

சிரிப்பு நின்றது. ஆஷிக்குகளின் பழைய போட்டி அது: உதடுகளுக்கு நடுவே ஊசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ப, ம, வ மாதிரி உதடு ஒட்டும் எழுத்தே வராமல் அந்த இடத்திலேயே கட்டிப் பாட வேண்டும். ஒட்டினால் குத்தும். தோற்றவன் தன் சாஸைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

“பால் கறக்கற கைக்கு என் சாஸ் கேக்குதா?” என்றான் கசன்ஃபர். “சரி, பொம்பளைங்க முதல்ல.”

மணமகனின் அத்தை தன் முக்காட்டிலிருந்து ஊசியைப் பிடுங்கிக் கொடுத்தாள். ஸொனா அதை உதடுகளுக்கு நடுவே நிறுத்தினாள். தந்தியில் விரலை ஓட்டினாள். எதைப் பாடுவது என்று அவள் தேடவில்லை. சிரித்தார்களே, அந்தச் சொல்லையே எடுத்தாள்.

*நேசிக்கிற நெஞ்சினை நீர் ஆஷிக் என்றீர்,*
*ஆட்டின் கணுக்காலினை நீர் ஆஷிக் என்றீர்,*
*தந்தியிசைத்தே நான் நிற்க ஏன் சிரித்தீர்?*
*நாளை இந்நாடே என்னை ஆஷிக் என்றிடாதா?*

ஊசி அசையவில்லை. கடைசி அடி முடிந்ததும் “அடி சக்கை!” என்று பின்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார்.

கசன்ஃபர் ஊசியை வாங்கினான். முதல் இரண்டு அடிகளை அழகாகவே பாடினான். மூன்றாவது அடியில் அவளை மட்டம்தட்டும் அவசரத்தில் ‘பெண்’ என்று தொடங்கிவிட்டான். உதட்டில் ரத்தம் துளிர்த்தது.

கசன்ஃபர் ஊசியை எடுத்துக் கீழே வைத்தான். முத்துச்சிப்பி பதித்த சாஸைக் கழற்றி நீட்டினான். ஸொனா வாங்கி, ஒருமுறை மீட்டிப் பார்த்தாள். தேன் மாதிரி நாதம்.

“நல்ல சாஸ்தான். ஆனா எனக்கு இருக்கறது ரெண்டு கைதான், ஒரு சாஸ் போதும். வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்க. யாருகிட்ட கேக்குறீங்கன்னு மட்டும் சத்தமாச் சொல்லணும்.”

கசன்ஃபர் உதட்டைத் துடைத்தான். பந்தலைச் சுற்றிப் பார்த்தான். பிறகு, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“ஆஷிக் ஸொனா, என் சாஸைத் தாங்க.”

கைதட்டலில் பந்தல் கால்கள் ஆடின. பெண்கள் தடுப்புத்துணியைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அதற்குள் வாசலில் மணப்பெண்ணின் கார்கள் ஹாரன் அடித்தன. வரவேற்புப் பாட்டை ஸொனா தொடங்க, அவள் சுருதிக்குத் தன் சாஸைத் திருகிச் சேர்த்துக்கொண்டு கசன்ஃபர் பின்னால் வாசித்து வந்தான். எந்தக் கல்யாணத்திலும் ஆடாத வெலி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் ஆடிக்கொண்டிருந்தான்.